இணைய இணைப்பு அறுந்தாலும் அறாத உரையாடல்: வரைபடக் கந்தோருக்குள் செய்திச் சேர்வர் அமைத்தல்

திருகோணமலையின் உட்துறைமுக வீதியிலோ ஏகாம்பரம் வீதியிலோ இருக்கக்கூடிய ஒரு வரைபடக் கந்தோரை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தளத்தில் நான்கு கணினி, மேலே ஆறு, பின்கட்டடத்தில் புளொட்டரும் இன்னும் இரண்டும். எல்லாமே ஒரே பகிர்வுக் கோப்புறையிலிருந்து நில அளவைப் படங்களைத் திறக்கின்றன. "தாள் மூன்றைத் திறந்து வைச்சிருக்கிறது ஆர்?" என்ற கேள்வி நாள் முழுக்க ஓடும். இதற்குப் பெரும்பாலும் ஒரு வட்ஸ்அப் குழு இருக்கும். மாடியிலிருந்து கீழே போகவேண்டிய கேள்வி நாட்டைத் தாண்டிப்போய்த் திரும்பி வரும். மாரியில் இணைய இணைப்பு விழுந்தால் அந்தக் கேள்வி மாடிப்படியைக்கூடத் தாண்டாது. பன்னிரண்டு கணினிக்கும் நடுவில் அவற்றை இணைக்கும் சுவிட்ச் நல்லபடி ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படித் தவிக்கத் தேவையில்லை. ஒரு பழைய கணினியும் ஒரு பின்னேரமும் கிடைத்தால் கந்தோருக்குள்ளேயே உரையாடலை ஓடவிடலாம்.

எதை விடுவது, எதை எடுப்பது

லினக்ஸ் பழகியவர்களுக்கு முதலில் நினைவு வருபவை ரைட், வோல், டோக் ஆகிய பழைய கட்டளைகள். வரைகலைத் திரையில் இவற்றை நம்பவேண்டாம். ரைட்டும் வோலும் டெர்மினல் எனும் கட்டளைச் சாளரத்துக்குத்தான் எழுதும். யார் எந்த டெர்மினலில் இருக்கிறார் என்பதை யூடெம்ப் பதிவேட்டைப் பார்த்தே அறியும். இன்றைய க்னோம் டெர்மினல் அந்தப் பதிவேட்டில் தன்னைப் பதிவதில்லை. ஆகவே "சேர்வரை நிறுத்தப்போகிறேன்" என்று வோலில் எழுதினால், கேட் எனும் வரைபட மென்பொருளில் மூழ்கியிருப்பவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. 1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த டோக், திரையை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு எழுத்தாக அனுப்பும். அதன் முதற்பதிப்பு எண்களை அந்தந்தக் கணினியின் பைட் வரிசையிலேயே அனுப்பியதால் வேக்ஸ் கணினியும் சன் கணினியும் ஒன்றோடொன்று பேச முடியவில்லை. பிறகு வந்த பதிப்பு அதைத் திருத்தி, போர்ட் (சேவைக்கான இணைப்பு எண்) 517ஐ விட்டு 518க்கு மாறியது. டோக்கின் இரு பதிப்பும் தமிழுக்கு உதவாது. யூனிகோட் யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும். பைட் பைட்டாகப் பிய்த்து அனுப்பும் கருவி அதைச் சிதைத்துவிடும்.

லினக்ஸ் திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சாளர முறையில் இன்னொரு பழைய குறுக்குவழி உண்டு. எல்லாக் கணினியிலும் எக்ஸ்ஹோஸ்ட் கட்டளைக்குப் பின் கூட்டல் குறியைப் போட்டுத் திறந்துவிட்டு, மற்றவர் திரையில் நேரே ஒரு செய்திப் பெட்டியை எழுப்புவது. இதை ஒருபோதும் செய்யவேண்டாம். உங்கள் திரையில் பெட்டி எழுப்பக்கூடியவருக்கு நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைப் படிக்கவும் முடியும். எக்ஸ் அப்படித்தான் கட்டப்பட்டது. 2015இல் வந்த 1.17ஆம் பதிப்பிலிருந்து எக்ஸ் சேர்வர் வலையமைப்பு வழியான இணைப்பை இயல்பாகவே மூடி வைத்திருக்கிறது. அதை மீண்டும் திறக்கச் சொல்லும் எந்த வழிகாட்டியையும் மூடிவிடலாம்.

மூன்று நான்கு கணினி மட்டும் என்றால் சேர்வரே வேண்டியதில்லை. பிட்ஜினின் பொன்ஜூர் கணக்கு அல்லது பீபீப் போன்ற லான் மெசஞ்சர் போதும். ஒரே சுவிட்சில் இருப்பவர்கள் தாமாகவே ஒருவரை ஒருவர் கண்டுகொள்வார்கள். பொன்ஜூர் இதற்கு 224.0.0.251 என்ற பல்முனை முகவரியையும் யூடிபி போர்ட் 5353ஐயும் பயன்படுத்துகிறது. குறை என்னவென்றால் அந்த அழைப்பு ரவுட்டரைத் தாண்டாது. பின்கட்டடத்துக்குத் தனி ரவுட்டர் போட்டிருந்தால் அங்குள்ளவர்கள் பட்டியலில் வரவேமாட்டார்கள். வைஃபையின் விருந்தினர் வலையில் இருப்பவரும் வரமாட்டார். விண்டோஸ் கணினி தன் வலையமைப்பைப் "பொது" என்று குறித்திருந்தால் அதன் ஃபயர்வோல் எனும் தடுப்பு மென்பொருளே தடுத்துவிடும். அதோடு கணினியை நிறுத்தியவருக்கு அனுப்பிய செய்தியைக் காத்துவைக்க நடுவில் சேர்வர் இல்லை.

ஐஆர்சி என்ற குழு உரையாடல் முறை எளிமையானது, 1988 முதல் ஓடுவது. ஆனால் அதன் மரபில் ஒரு செய்தி, முகப்பு விவரங்களும் சேர்ந்து, 512 பைட்டைத் தாண்டக்கூடாது. "திருகோணமலை" என்று எழுதினால் கண்ணுக்கு ஆறு எழுத்து, உள்ளே பத்துக் குறி, 30 பைட். முகப்புக்கு நூறு பைட் போனால் மிச்சத்தில் அந்தச் சொல்லைப் பதின்மூன்று தடவைதான் எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்த வரம்பு உறைக்காது. தமிழில் எழுதுபவருக்கு இரண்டாம் வரியிலேயே வாக்கியம் அறுந்து, கடைசி எழுத்து கேள்விக்குறிப் பெட்டியாக நிற்கும்.

ஆகவே பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் தமிழ்க் கந்தோருக்கு எங்கள் தெரிவு எக்ஸ்எம்பிபி என்ற செய்தி நெறிமுறை. முன்பு ஜாபர் என்று அழைக்கப்பட்டதுதான். சேர்வருக்கு ப்ரொசோடி என்ற மென்பொருள். லுவாவில் எழுதப்பட்டது, இந்த அளவு ஆட்களுக்குச் சில பத்து மெகாபைட் நினைவகமே கேட்கும்.

பெயரும் முகவரியும்

பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் முளைக்கின்றன. அவசரப்படவேண்டாம்.

சேர்வராகப் போகும் கணினியில் டெபியன் 12ஐ நிறுவுங்கள். அதன் களஞ்சியத்திலேயே ப்ரொசோடி 0.12 இருக்கிறது. கணினிக்கு நிலையான ஐபி முகவரி கொடுங்கள். ரவுட்டர் 192.168.10.100 முதல் தானாக முகவரி கொடுக்கிறது என்றால், அந்த வரம்புக்கு வெளியே 192.168.10.5 போல ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். வரம்புக்குள்ளே வைத்தால் ஒருநாள் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசிக்கும் அதே முகவரி போய்ச்சேரும். அன்றைக்கு உரையாடல் "விட்டுவிட்டு வேலைசெய்யும்". கண்டுபிடிக்க மிகக் கடினமான பழுது இது.

சேர்வருக்கு ஒரு பெயர் வேண்டும். பலரும் இயல்பாக "டாட் லோக்கல்" என்று முடிப்பார்கள். வைக்கக்கூடாது. அந்த முடிவு மேலே சொன்ன பல்முனைக் கண்டுபிடிப்புக்கென ஒதுக்கப்பட்டது. லினக்ஸ் கணினி அந்தப் பெயரைக் கண்டதும் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸை (பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) கேட்காமலே "இல்லை" என்று நிறுத்திவிடும். "டாட் ஹோம் டாட் ஆர்பா" 2018இலும் "டாட் இன்டர்னல்" 2024இலும் உள்வலைக்கென்றே ஒதுக்கப்பட்டன. இரண்டில் ஒன்றை எடுங்கள். ரவுட்டரில் நிலையான டிஎன்எஸ் பதிவு போட வசதி இருந்தால் அங்கே பதியுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் ஒரு வரி எழுதவேண்டும். விண்டோஸில் நோட்பேடை நிர்வாகியாகத் திறந்தால்தான் அந்தக் கோப்பைச் சேமிக்க விடும்.

ப்ரொசோடியின் அமைப்புக் கோப்பு

வெர்ச்சுவல்ஹோஸ்ட் வரியில் நீங்கள் வைத்த பெயரை எழுதுங்கள். பிறகு கீழுள்ளவற்றைச் சரிபாருங்கள்.

வெளியார் தாமே கணக்குத் திறக்கும் அனுமதி மூடியிருக்கவேண்டும். சேர்வர்-சேர்வர் இணைப்பான எஸ்2எஸ் கூறை முடக்குங்கள், போர்ட் 5269 தேவையில்லை. குறியாக்கம் கட்டாயம் என்ற அமைப்பை உண்மை என வையுங்கள். கடவுச்சொற்களைச் சேமிக்கும் முறையாக "இன்டர்னல் ஹாஷ்ட்" இருக்கட்டும்; அப்போதுதான் சேர்வரின் வட்டு வேறு கைக்குப் போனாலும் கடவுச்சொற்கள் வெறும் எழுத்தாகக் கிடைக்காது. கூறுகளில் மேம், கார்பன்ஸ், ஸ்மாக்ஸ் மூன்றும் இயங்கவேண்டும். மேம் பழைய செய்திகளைச் சேர்வரில் காக்கும். கார்பன்ஸ் இல்லாவிட்டால், ஒருவர் மேசைக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் நுழைந்திருக்கும்போது உரையாடல் பாதி அங்கும் பாதி இங்குமாகச் சிதறும். ஸ்மாக்ஸ் குறுகிய துண்டிப்பில் செய்தி தொலையாமல் பிடித்து வைக்கும். இதற்கு ஒரு விலை உண்டு: கேபிள் கழன்றவரை இயல்பாகப் பத்து நிமிடம்வரை "இருக்கிறார்" என்றே மற்றவர்களுக்குக் காட்டும். பச்சைப் புள்ளியைக் கண்டு "பதில் போடுறாரில்லை" என்று கோபிக்கமுன் அவரின் கேபிளைப் பாருங்கள்.

மேம் இயல்பாக ஒரு கிழமைச் செய்திகளையே வைத்திருக்கும். வரைபடத் திருத்தம் பற்றிய பேச்சு அதைவிட நீளக் கூடியது. நான்கு கிழமை என மாற்றலாம். காலவரம்பே இல்லாமல் விடுவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். மதியச் சாப்பாட்டுக் கதையும் அதற்குள்தான் சேரும்.

குழு அறைகளுக்கு மக் என்ற உட்கூறு வேண்டும். அதற்குத் தனிப் பெயர் கொடுக்கவேண்டும், "அறை" என்று தொடங்கும் ஒரு துணைப்பெயர் போதும். இந்தப் பெயரை டிஎன்எஸ்ஸில் பதியத் தேவையில்லை. சேர்வர் தனக்குள்ளேயே அதைக் கையாளும். ஆனால் கோப்புப் பகிர்வு உட்கூறின் கதை வேறு. அதன் பெயரைப் பயனரின் கணினி நேரடியாகத் தேடி, போர்ட் 5281இல் எச்டிடிபிஎஸ் வழியாகப் போகும். அந்தப் பெயர் டிஎன்எஸ்ஸிலோ ஹோஸ்ட்ஸ் கோப்பிலோ இல்லாவிட்டால் எழுத்துச் செய்தி ஒழுங்காகப் போகும், படம் மட்டும் சுழன்றுகொண்டே நிற்கும். "சற் வேலைசெய்யுது, ஃபோட்டோ போகுதில்லை" என்று வரும் முறைப்பாட்டில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான். இரண்டாவது இடம் சான்றிதழ். அது இந்தப் பெயரையும் உள்ளடக்கியிருக்கவேண்டும். கந்தோருக்கென ஒரு சான்றிதழ் வழங்குநரை உருவாக்கி, அதன் மூலச்சான்றை எல்லாக் கணினியிலும் ஒருமுறை நிறுவிவிடுங்கள். எச்சரிக்கை வரும்போதெல்லாம் "பரவாயில்லை" என்று சொடுக்கப் பழகியவர்கள் உண்மையான எச்சரிக்கையையும் அப்படியே சொடுக்குவார்கள்.

கோப்பின் அளவு வரம்பு இயல்பாக 10 மெகாபைட். உயர்த்தலாம், உயர்த்தவேண்டாம். வரைபடக் கோப்பை உரையாடலில் அனுப்பினால் இரண்டாம் பிரதி பிறக்கும். பின்னேரத்துக்குள் எது இறுதிப் படம் என்று ஒருவருக்கும் தெரியாது. கோப்பு பகிர்வுக் கோப்புறையில் இருக்கட்டும், உரையாடலில் அதன் பாதையை மட்டும் ஒட்டுங்கள்.

ஃபயர்வோலில் உள்வலைக்கு மட்டும் 5222ஐயும் 5281ஐயும் திறவுங்கள். அமைப்பை எழுதி முடித்ததும் ப்ரொசோடியின் கட்டுப்பாட்டுக் கட்டளையில் "செக்" ஓட்டினால் எழுத்துப்பிழை, காணாமற்போன சான்றிதழ், தவறான பெயர் எல்லாம் வரிசையாக வரும். எஸ்ஆர்வி என்ற டிஎன்எஸ் பதிவு இல்லை என்று முறையிட்டால் பொருட்படுத்தத் தேவையில்லை. உள்வலையில் பெயர் நேராக ஐபிக்குப் போனால் போதும்.

கணக்குகளை "ஆட்யூசர்" கட்டளையால் ஒருவருக்கு ஒன்றாகத் திறவுங்கள். கணினிக்கு ஒன்றாகத் திறக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஆள் மேசை மாறினால் செய்தி பழைய மேசைக்குப் போகும். பிறகு குறூப்ஸ் கூறில் ஒரே ஒரு கோப்பில் எல்லோரையும் எழுதிவிட்டால், நுழைந்தவுடன் அனைவரின் பட்டியலிலும் அனைவரும் இருப்பார்கள். கோப்பை யூடிஎஃப்-8இல் சேமியுங்கள், பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். அறைகள் மூன்று போதும்: பொது, புளொட்டர், அவசரம். அறையை யாரும் திறக்கலாம் என்று விட்டால் ஒரு மாதத்தில் ஆளில்லாத அறைகள் இருபது நிற்கும். அந்த உரிமையை நிர்வாகிக்கு மட்டும் வையுங்கள்.

பயனர் பக்கம்

லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் கஜிம். லினக்ஸில் இலகுவானது வேண்டுமென்றால் டினோ. பிட்ஜின் 2 பலருக்குப் பழக்கம்தான், ஆனால் சேர்வரில் உள்ள பழைய செய்திகளை அது எடுத்துத் தராது. ஆண்ட்ராய்டுக்கு கன்வர்சேஷன்ஸ், கந்தோர் வைஃபைக்குள் மட்டும் வேலைசெய்யும்.

வரைகணினியில் உரையாடல் மென்பொருள் செய்யும் பெரிய கெடுதல் ஒன்று இருக்கிறது, அதை அமைப்பிலேயே தடுக்கவேண்டும். புதிய செய்தி வந்ததும் சாளரம் முன்னே பாய்ந்து விசைப்பலகையைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் திரையைப் பார்க்காமல் கேட் கட்டளையைத் தட்டுகிறீர்கள், அது பொது அறைக்குள் போய் விழுகிறது. கட்டளை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம், கடவுச்சொல் என்றால் மாற்றவேண்டும். லினக்ஸின் கேடிஈ திரைச்சூழலில் சாளர நடத்தை அமைப்புக்குள் "கவனத்தைப் பறிப்பதைத் தடுத்தல்" என்று ஒன்று உண்டு. அதை உயர்நிலைக்கு வையுங்கள். உரையாடல் மென்பொருளில் "சாளரத்தை முன்னே கொண்டுவா" என்ற தெரிவை நீக்கி, அறிவிப்பை மட்டும் விடுங்கள். பூட்டுத்திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடியும் செய்யவேண்டும். வாடிக்கையாளர் மேசைக்கு முன்னால்தான் இருப்பார்.

எதிர்மாறான முறைப்பாடும் வரும்: "எனக்கு ஒண்டும் காட்டேல்லை." விண்டோஸ், முழுத்திரையில் ஒரு மென்பொருள் ஓடும்போது அறிவிப்புகளைத் தானாக அடக்கிவிடும். கேட்டை முழுத்திரையில் வைப்பவருக்கு அந்தத் தானியங்கி விதியை நிறுத்திவிடுங்கள்.

தமிழ் எழுத்துக்கு யூனிகோட் மட்டுமே. ஆண்டுக்கணக்காகப் பாமினி எழுத்துருவில் தட்டியவர்கள் வேர்ட் ஆவணத்திலிருந்து வெட்டி ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். பாமினியில் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருப்பதால், அந்தக் குப்பையில் அரைப்புள்ளிகள் தூவிக் கிடக்கும். அதைப் பார்த்ததும் பாமினி என்று கண்டுகொள்ளலாம். மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோட் ஆக்கி ஒட்டச் சொல்லுங்கள். நேரே தட்ட, ரெங்கநாதன் விசைப்பலகை பழகியவருக்கு, லினக்ஸின் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளில் எம்17என் தொகுப்பின் ரெங்கநாதன் முறையைச் சேர்த்துக் கொடுங்கள். மற்றவர்களுக்கு ஐபஸ் வழி ஒலியியல் முறை. டெர்மினலில் ஓடும் உரையாடல் மென்பொருள்களைத் தமிழுக்குத் தவிருங்கள். டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடைக்கப்பார்க்கும், "கொ", "ணை" எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

எழுதும் முறையில் ஒன்றே ஒன்றை வற்புறுத்துவோம். "சேர்" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவேண்டாம். "மட்டிக்களி, தாள் 3, எல்லைக்கல் 7 திருத்துறன், 11 மணி மட்டும் திறக்கவேண்டாம்" என்று ஒரே செய்தியில் முடியுங்கள். வாசிப்பவர் கோட்டிலிருந்து கையெடுக்காமலே விளங்கிக்கொள்வார்.

மின்சாரம், நேரம், உப்பு

சேர்வருக்கும் சுவிட்சுக்கும் மட்டும் ஒரு தனி யூபிஎஸ். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரியில் 84 வாட்-மணி இருக்கிறது. பாதிதான் கைக்கு வரும் என்று கணக்கிட்டாலும், சிறிய சேர்வரும் சுவிட்சும் சேர்ந்து 20 வாட் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் தாங்கும். சேர்வராகப் பழைய மேசைக் கணினியைப் போட்டால் சுமை பல மடங்கு, நேரம் அந்த அளவுக்குக் குறையும். சில யூபிஎஸ்கள் சுமை மிகக் குறைவென்றால் "ஒன்றும் இணைக்கப்படவில்லை" என்று தாமே அணைந்துவிடும். வாங்கும்போது அந்தச் சிக்கனமுறையை நிறுத்தலாமா என்று கேளுங்கள்.

மின்சாரம் குறைந்தால் போதும் என்று ராஸ்ப்பெரி பை 4ஐ எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதில் பற்றரியோடு ஓடும் கடிகாரம் இல்லை. மின்சாரமும் இணையமும் ஒன்றாகப் போய், மின்சாரம் மட்டும் திரும்பினால், அது கடைசியாகச் சேமித்த பழைய நேரத்தில் எழும்பும். செய்திகள் முன்பின்னாக அடுக்கப்படும். அதனிடம் நேரம் கேட்கும் கணினிகளில், மின்சாரம் போகச் சற்றுமுன் புதுப்பித்த சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று நிற்கலாம். டிஎஸ்3231 கடிகாரத் துண்டு ஒன்றைப் பொருத்தினால் தீரும். சேர்வரில் க்ரோனி என்ற நேர ஒத்திசைவு மென்பொருளை நிறுவி மற்றக் கணினிகள் எல்லாம் அதிடமே நேரம் கேட்கும்படி செய்யுங்கள், யூடிபி 123. தகவல் தளத்தை எஸ்டி அட்டையில் வைக்காமல் எஸ்எஸ்டியில் வையுங்கள்; திடீர் மின்வெட்டில் அட்டைதான் முதலில் கெடும்.

கடற்காற்றை மறக்கவேண்டாம். மூன்று பக்கமும் தண்ணீர் உள்ள ஊரில் ஆர்ஜே45 முனைகளின் தொடுபரப்பு பச்சை பிடிக்கும். அடையாளம்: கிகாபிட்டில் ஓடிய போர்ட் 100 மெகாபிட்டுக்கு இறங்கும். கிகாபிட்டுக்கு நான்கு சோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். ஒரு சோடி போனதும் அப்படித்தான் இறங்கும். உரையாடலில் அது ஒருவர் நிமிடத்துக்கு ஒருமுறை "வந்தார், போனார்" என்று மினுங்குவதாகத் தெரியும். சேர்வரைத் தோண்டமுன் முனையை வெட்டிப் புதிதாக அடியுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிளை வாங்கவேண்டாம், முழுச் செம்பு வாங்குங்கள். பின்கட்டடத்துக்குச் செம்புக் கேபிள் இழுத்திருந்தால் ஐப்பசி இடிக்கு இரண்டு பக்கச் சுவிட்சும் சேர்ந்து போகலாம். அந்தத் துண்டை மட்டும் ஃபைபராக மாற்றுவது செலவுக்குத் தகும்.

ஒப்படைக்கமுன்

ரவுட்டரின் வெளி இணைப்பைக் கழற்றிவிட்டு எல்லாக் கணினியையும் நிறுத்தித் திரும்ப இயக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது. பெயர்கள் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும். புதிதாக எழும்பிய கணினி நுழைந்து, அறையில் எழுதி, ஒரு படமும் அனுப்பினால்தான் அமைப்பு உண்மையில் உள்வலையில் நிற்கிறது. நுழைய அரை நிமிடம் எடுத்தால், அந்தக் கணினி முதலில் வெளி டிஎன்எஸ் ஒன்றைக் கேட்டுக் காத்திருக்கிறது. கைமுறையாக இட்ட டிஎன்எஸ் முகவரியை எடுத்துவிட்டு ரவுட்டருடையதையே போடுங்கள்.

கிழமைக்கு ஒருமுறை ப்ரொசோடியின் அமைப்புக் கோப்புறையையும் தரவுக் கோப்புறையையும் யூஎஸ்பியில் பிரதியெடுங்கள். திரும்பப் போடும்போது கோப்புகளின் உரிமையாளராக ப்ரொசோடி என்ற பயனரை வைக்கவேண்டும். உரிமை ரூட்டிடமே நின்றால் சேர்வர் எழும்பும், ஆனால் கணக்குகளைப் படிக்க முடியாமல் எல்லோரையும் "கடவுச்சொல் பிழை" என்று திருப்பும். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கடவுச்சொல்லை மறந்திருக்கமாட்டார்கள்.